யமுனாவின் பேட்டரி

அஞ்சுகம் கடைக்குள் வந்தபோது அவளுடைய இடது முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது. பின்னாலேயே இரண்டு பேர் அவளுடைய மின்சைக்கிளைத் தூக்கிவந்து வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்கள். முன்சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

"அக்கா, இந்தப் பேட்டரிய நீங்களே வச்சுக்கங்க. இன்னைக்கு ஒரு அம்மா காலை ஒடிச்சிட்டேன்."

கலாமணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். "உக்காரு கண்ணு. முதல்ல கையக் காட்டு. யாரு அறைஞ்சது?"

"சந்தையில இருந்தவங்கதான். நாலஞ்சு பேரு. அந்தம்மா கீரை வித்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் மெதுவாத்தான் போனேன், சத்தியமா மெதுவாத்தான். திடீர்னு மோட்டார் தானா அலறுதுக்கா. பிரேக்கைப் புடிச்சாலும் நிக்கல. எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு." 

திருப்பூரில் கலாமணி இந்தக் கடையைப் போட்டுப் பதினான்கு வருடமாகிறது. பனியன் கம்பெனிகளுக்குச் சைக்கிளில் போய்வரும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். அஞ்சுகம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். தைத்து முடித்த துணியில் தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை. பதினைந்து நாளுக்கு முன் அவளுடைய பழைய பேட்டரி பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. கலாமணிதான் அலமாரியில் தேடி, அளவு சரியாக இருந்த ஒரு பழைய பேட்டரியை மாட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து மூன்றாவது முறையாகச் சைக்கிள் அவளைத் தூக்கி எறிந்திருக்கிறது.

காயத்தைக் கட்டிவிட்டு, கலாமணி பேட்டரியையும் கைப்பிடியையும் கழற்றித் தன் கடையிலிருந்த வேறொரு சைக்கிளில் மாட்டி, அதைத் தாங்கியில் ஏற்றினாள். மோட்டார் தானாக ஓடினால் பத்துக்கு எட்டு ஆக்ஸிலேட்டர் கோளாறாக இருக்கும். அதை மாற்றிப் பார்த்தாள். பிரேக் சென்சாரைச் சோதித்தாள். கன்ட்ரோலரையே கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டாள். பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்தாள். மின்னழுத்தம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஒவ்வொரு செல்லும் ஒரே அளவு. சூடும் இல்லை. பழுது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"பேட்டரி நல்லாருக்குது. அப்ப கோளாறு அதோட மூளையிலதான்," என்றாள்.

"பேட்டரிக்கு ஏதுக்கா மூளை?"

"இது காவல் பேட்டரி கண்ணு. பைபாஸ்ல வரிசையா பொம்பளைப் புள்ளைகளை அடிச்சுப் போட்டாங்கல்ல, அதுக்கப்புறம் கவர்மென்ட் கொண்டாந்தது. கைப்பிடியில ரெண்டு தகடு இருக்குது பாரு, அது உன்ற நெஞ்சு அடிக்கிறத எண்ணிக்கிட்டே இருக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சா, அந்நேரம் பக்கத்துல யாரோட போன் இருக்குதுன்னு பேட்டரி குறிச்சு வெச்சுக்கும். ஒரே போன் மூணுவாட்டி அப்பிடி மாட்டுச்சுன்னா, அது ஆகாத ஆளுன்னு முடிவு பண்ணிக்கும்."

"முடிவு பண்ணி?"

"முன்னெல்லாம் சும்மா எழுதி வெச்சுக்கும். இந்த வருஷம் புது சாப்ட்வேர் விட்டிருக்காங்க, சைக்கிள்ல மாட்டுனதும் தானா ஏறிக்கும். அந்த ஆளு முப்பதடிக்குள்ள வந்தா, உன்னைக் கேக்காமயே முழு வேகத்துல இழுத்துக்கிட்டு ஓடும். உன்னைக் காப்பாத்துதாமா."

அஞ்சுகம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "எனக்கு யாருமேல பயம்? எனக்கு இந்த ஊர்ல யாரையுமே தெரியாதே."

"உன்ற பயமில்ல. இதை உனக்கு முன்னால வெச்சிருந்தவளோட பயம். விக்கறதுக்கு முன்னாடி அதையெல்லாம் அழிக்கோணும். அழிக்காம வந்திருக்குது."

பேட்டரியைக் கணினியில் இணைத்தபோது காவல் அறிக்கை ஒரு பக்கமாக வந்தது. கோர்ட் ஏற்றுக்கொள்வது அந்த ஒரு பக்கத்தைத்தான்: தேதி, நேரம், நெஞ்சுத் துடிப்பு, அருகிலிருந்த போனின் குறி. போன் எண் வராது, பேட்டரி தானாகச் சூட்டிய பதினாறு எழுத்துக் குறி மட்டும்தான் வரும். மொத்தம் நாற்பத்தோரு பதிவு. நாற்பத்தொன்றிலும் ஒரே போன். கடைசிப் பதிவு பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மாலை நேரம். துடிப்பு நூற்றுத்தொண்ணூறு. அதோடு சரி.

மேலே உரிமையாளர் பெயர் இருந்தது. யமுனா, காரைக்காட்டுவலசு.

கலாமணிக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. வாய்க்கால் மதகில் தலை உடைந்து செத்துக் கிடந்த பெண். சைக்கிளோடு தவறி விழுந்துவிட்டாள் என்று வீட்டார் எழுதிக்கொடுத்தார்கள், போலீஸும் அப்படியே முடித்துவிட்டது. யாரும் பேட்டரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தவறி விழுந்தாளாமா," என்றாள் கலாமணி.  "நாப்பத்தோரு நாள் ஒருத்தன் அவ பின்னாலயே சுத்தியிருக்கான். அவன் இன்னிக்கும் இந்த ஊருக்குள்ள நடமாடறான். சந்தையில உனக்கு முப்பதடியில நின்னிருக்கான்."

அரை மணி நேரத்தில் அவள் ஸ்டேஷனில் இருந்தாள். எழுத்தர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்ச கேஸும்மா. திங்கக்கிழமை வாங்க, ஐயா இருப்பாரு," என்றார். நகல் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வரை யாரும் காத்திருக்கவில்லை. அன்று மதியம் ஒரு மணிக்கே கடை வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஓர் ஆள் இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பின்னால் நான்கு பேர். வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கும் ஒரு பெண்.

"என்ற தங்கச்சிங் அம்மிணி. யமுனா. நான் குழந்தைவேலு. ஸ்டேஷன்ல சொன்னாங்க."  கண்ணைத் துண்டால் அழுத்திக்கொண்டார். "விழுந்து செத்துட்டாள்னுதானுங் நெனச்சுட்டிருந்தோம். ஒருத்தன் இருந்திருக்கான்னு இன்னிக்குத்தான் தெரியுது. அவன் யாருன்னு தெரியோணுங். அவ்வளவுதானுங் எனக்கு."

"பேரு வராதுங்கண்ணா. வெறும் குறிதான்."

"அவன் பக்கத்துல வந்தாச் சைக்கிளு ஓடுமாமா?"

கலாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். தன் தம்பிக்கு இப்படி நேர்ந்திருந்தால் தான் என்ன செய்வோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓடும். ஆனா பேட்டரி முழிச்சுக்கோணும்னா கைப்பிடியில மனுசக் கை இருக்கோணும். நானே வர்றேன். ஆளக் கண்டுபுடிச்சாப் போலீஸ்லதான் ஒப்படைக்கோணும். கை வெக்கக் கூடாது."

"மாரியாத்தா மேல சத்தியமுங்."

தாங்கியோடு சைக்கிளைப் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கினார்கள். பின்சக்கரம் தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. கலாமணி பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வேட்டைநாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போவதுபோல ஊருக்குள் போனார்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, கம்பெனி வாசல்கள், டீக்கடைகள். வெயில் முதுகைப் பிளந்தது. இரண்டு மணி நேரம் சக்கரம் அசையவில்லை. அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது.

பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருவுக்குள் வண்டி திரும்பியது. சக்கரம் ஒருமுறை சிலிர்த்தது. அடுத்த நொடி கம்பிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று ஊளையிட்டன.

"நிறுத்துடா!" குழந்தைவேலு முன்னாலிருந்து கத்தினார்.

கலாமணி நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் ஒரே ஒரு கடைதான் திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு சின்ன டெம்போவிலிருந்து ஒருவன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். ஊளைச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான்.

அவளுடைய தம்பி சம்பத்.

கலாமணி கையை எடுத்தாள். சக்கரம் நின்றது. அதற்குள் நால்வரும் குதித்திருந்தார்கள். பிக்கப்பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரும்புக் கம்பிகள் வெளியே வந்தன. கை வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் கம்பியோடுதான் வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. சம்பத் மடங்கி விழுந்தான். இரண்டாவது அடி தாடையில். "அக்கா" என்று அவன் கூப்பிட வாயைத் திறந்தது அவளுக்குத் தெரிந்தது. ரத்தமும் பல்லும்தான் வந்தன. குழந்தைவேலு அவனுடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "நீதானாடா? நீதானாடா அது? இவ்வளவு நாளு எங்கடா இருந்தே?" என்று கேட்டுக்கேட்டு அறைந்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ ஒருவன், "பொம்பளைப் புள்ளையக் கொன்னவன், போடு!" என்று கத்தியதும் தடுக்க வந்த கைகளும் அடிக்க ஆரம்பித்தன. செருப்பு, செங்கல், டெம்போவிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டம். போனைத் தூக்கிப் படம் பிடித்தவர்கள் நல்ல இடம் தேடி முண்டினார்கள். கலாமணி அவர்களுடைய கால்களுக்கிடையே புகுந்து சம்பத்தின் மேல் விழுந்தாள். மண்டைக்கு வந்த கம்பியை வலது கையால் தடுத்தாள். மணிக்கட்டு சுள்ளி போல ஒடிந்தது.

"என்ற தம்பிடா! விடுங்கடா, என்ற தம்பி!"

குழந்தைவேலு ஓங்கிய கம்பியோடு நின்றார். அவளைப் பார்த்தார். "உன்ற தம்பியா?" என்றார். பிறகு அவளைக் காலால் புரட்டித் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு அடி போட்டார். போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகுதான் பிக்கப் கிளம்பியது. போகிற போக்கில் கயிற்றை அறுத்துச் சைக்கிளைத் தெருவில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

சம்பத் சாகவில்லை. இடது கண் போயிற்று. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஒரு முழங்கால் இனி மடங்காது. பெரியாஸ்பத்திரியில் அவனுக்குத் தனி அறை கொடுத்ததற்குக் காரணம் வேறு. அவனுடைய ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. அடித்தவர்கள் மேல் வழக்கில்லை, ஆத்திரப்பட்ட பொதுமக்கள் என்று எழுதிக்கொண்டார்கள். காவல் அறிக்கை மட்டும் வழக்கில் சேர்ந்துவிட்டது. வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

கலாமணி இரண்டு நாளும் வராந்தாவிலேயே இருந்தாள். உள்ளே போகவில்லை. மருந்துச் சீட்டை வாங்கினாள், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தாள், கஞ்சி வாங்கி நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள். ஆனால் அவன் முகத்தில் முழிக்க முடியவில்லை. தான் சோறூட்டி வளர்த்த கை ஒரு பெண்ணின் மண்டையை உடைத்திருக்கிறது என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அஞ்சுகம் வந்தாள். தெருவில் கிடந்த பேட்டரியை அவள்தான் எடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. உங்க கடைக் கம்ப்யூட்டர்ல இதை மாட்டிப் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால இன்னும் நிறையப் பக்கம் இருக்கு."

"அது மோட்டார் கணக்கு. வேகம், தூரம், நிமிஷத்துக்கு நிமிஷம் நெஞ்சுத் துடிப்பு. அதைய யாரும் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்த்தேன்க்கா. குறை தேடறதுதானே என் வேலை." அவள் போனை நீட்டினாள். "இங்க பாருங்க. இவரோட போன் கிட்ட வரும்போதெல்லாம் அந்தப் பொண்ணு வேகத்தக் குறைச்சிருக்கு. கடைசி நாளை விட்டா, நாப்பது தடவையும். குறைச்சு, நிறுத்தியிருக்கு. இருபத்திரண்டு நிமிஷம். முப்பத்தஞ்சு நிமிஷம். ஒரு நாள் ஒரு மணி நேரம்."

கலாமணி திரையையே பார்த்தாள்.

"பயந்தவ எதுக்குக்கா நிப்பா?" என்றாள் அஞ்சுகம் மெதுவாக. "கடைசி நாளையும் பாருங்க. ஆறு மணிக்குத்தான் இவரு போன் வருது. ஆனா அஞ்சு நாப்பத்தெட்டுலேர்ந்தே அவ நெஞ்சு நூத்தித்தொண்ணூறு அடிக்குது. பன்னிரண்டு நிமிஷம். அந்நேரம் பக்கத்துல ஒரு போன்கூட இல்ல."

"அப்ப யாரு…"

"போனை வீட்ல வச்சிட்டு வந்தவங்க."

கலாமணி எழுந்து அறைக்குள் போனாள். சம்பத்தின் ஒற்றைக் கண் அவளைப் பார்த்ததும் நிறைந்து வழிந்தது. அவள் இடது கையால் அவனுடைய நெற்றியைத் தொட்டாள்.

"அந்தப் புள்ள உன்னைப் பார்த்துப் பயந்தாளாடா?"

அவன் இல்லையென்று தலையை அசைத்தான். கம்பி கட்டிய பற்களுக்கிடையே வார்த்தை கசங்கித்தான் வந்தது. அவள் காதை வாயருகே வைத்துக் கேட்டாள்.

"என்னைப் பார்த்தா அவளுக்கு அப்பிடித்தான்க்கா அடிக்கும். என்ற கையப் புடிச்சு நெஞ்சுல வெச்சுக் காட்டுவா. பேட்டரிக்கு அது பயமாத் தெரிஞ்சிருக்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அவங்க வேற சாதி. பணங்காசு, ஆளு அம்பு உள்ளவங்க. தெரிஞ்சா உன்னையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பாங்க."

போலீஸ் ஏலத்தில் கழிவுச் சாமானோடு யமுனாவின் பேட்டரி வந்தபோது அவன்தான் எடுத்தானாம். யார் கையிலும் சிக்கக் கூடாதென்று கடை அலமாரியின் பின்னால் வைத்திருந்தான். வெளியூர் போய்த் திரும்பியபோது அதைக் காணவில்லை. அஞ்சுகத்தின் சைக்கிளில் பார்த்துவிட்டு, அக்காவுக்குத் தெரியாமல் எப்படியாவது கேட்டு வாங்கிவிடலாமென்று அவள் பின்னால் மூன்று முறை போனான். மூன்று முறையும் சைக்கிள் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது.

"அன்னிக்கு என்னதான்டா நடந்துச்சு?"

அவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "ஆறு மணிக்கு வாய்க்கால் மேட்டுக்கு வரச்சொன்னா. நான் போறப்ப ஒரு கார் கிளம்பிப் போச்சு. அவ சைக்கிள் கைப்பிடிய விடாம மதகுகிட்டக் கிடந்தா. உசுரு இருந்துச்சு. அண்ணனும் சித்தப்பனும் அடிச்சாங்கன்னு சொன்னா. பேரு கேட்டாங்களாமா. யாரு அவன், பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறோம்னு கேட்டுக்கேட்டு அடிச்சிருக்காங்க." அவனுக்கு மூச்சு இரைத்தது. "‘நான் சொல்லல’ன்னா. ‘நீ ஓடு’ன்னா. நான் ஓடி வந்துட்டேன்க்கா. அவள அங்கயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

கலாமணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் யமுனாவிடம் அவர்கள் கேட்டது ஒரே ஒரு பெயர். மண்டை உடைந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. பதினோரு மாதமாக அந்த ஆள் யாரென்று தெரியாமல் அலைந்தவர்களிடம், கலாமணி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய், வீடு தேடி வழி காட்டுவதுபோல இவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. "எல்லாப் பக்கத்தையும் நகல் எடு கண்ணு. ஒரு கட்டம் விடாம எடு. ஸ்டேஷனுக்கு வேண்டாம், நேரா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குக் கொண்டு போ. உங்க தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மாவக் கூட்டிக்கோ. சம்பத்த வேற ஊரு ஆஸ்பத்திரிக்கு மாத்தோணும்னு மனு எழுதச் சொல்லு. ஓடு."

அஞ்சுகம் ஓடினாள். போலீஸ்காரர் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தார். வராந்தாவில் யாருமில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாத்துக்குடிப் பையோடு ஒருவன் ஏறி வந்தான். முன்பின் பார்த்த முகமில்லை. சட்டையை வெளியே விட்டிருந்தான். இடுப்பின் ஒரு பக்கத்தை முழங்கையால் அணைத்துக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவள் முன்னால் நின்றான்.

"அம்மிணி, அடிபட்டவரு ஒருத்தரு, சம்பத்துன்னு. எந்த ரூம்புங்?"

"தெரியாதுங்," என்றாள் கலாமணி.

அவன் அவளுடைய மாவுக்கட்டைப் பார்த்தான். அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தான். "இதுல யாருங்?"

"என்ற புள்ளைங்." அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். "மூணு நாளா அம்மை போட்டிருக்குது. மேலெல்லாம் ஆத்தா வாரி எறைச்சிருக்கறா. நேத்துத்தான் இங்க கொண்டாந்து தனியாப் போட்டாங்க. வெளியாளு வாசப்படி மிதிக்கக் கூடாதுங்."

அவன் சட்டென்று இரண்டடி பின்னால் போனான். செருப்பைக் கழற்றினான். பையைத் தரையில் வைத்துவிட்டு மூடிய கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங் அம்மிணி," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் முழுசாக அடங்கும்வரை கலாமணி கதவை விட்டு முதுகை எடுக்கவில்லை.